பேரை யாரிடம் கொடுப்பது?

திருகோணமலையில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி எடுப்பேன், லேமினேட் பண்ணுவேன், சிங்களக் கடிதத்தை வாசித்துத் தமிழில் சொல்வேன், காணிப் பிணக்குக்கு மனு அடித்துக் கொடுப்பேன். கெட்டுப்போன ஏ4 தாள்களை வாசலில் ஒரு பெட்டியில் போட்டு வைத்தால் மத்தியானத்தில் மான் வந்து தின்னும். வெளியூர்க்காரர் நின்று படம் எடுப்பார்கள். எங்களுக்கு அது கட்டாக்காலி மாடு மாதிரித்தான்.

மலர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மலர் அவளுடைய பெயர் இல்லை. இதை எழுதப்போகிறேன் என்று கேட்டபோது அவளே தெரிவு செய்து தந்த பெயர். எட்டாக மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். வழக்குக் கோப்பிலிருந்து சட்டத்தரணி எடுத்துக் கொடுத்த பிரதி.

"அக்கா, இதில என்ன கிடக்கு எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ. கையெழுத்து என்ரதான்."

முழுக்கச் சிங்களம். ஆறே ஆறு வரி. 'நான் விபசாரத்தில் ஈடுபட்டுச் சீவியம் நடத்துபவள். இன்றிரவு பஸ் தரிப்பிடத்துக்கு அருகே நின்று வீதியால் போன ஆண்களைச் சைகை காட்டி அழைத்தேன்.' கீழே தமிழில் அவளுடைய கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி உருண்டை உருண்டையாக. ஒரு பொலிஸ் நிலையத்தில் இந்தத் தாளை மேசையில் வைத்து, "மெத்தன அத்சன் கரன்ன" (இங்கே கையெழுத்து வையுங்கள்) என்று விரலால் இடத்தைக் காட்டினார்களாம். வைத்தால் வீட்டுக்கு விடுவார்கள் என்று நினைத்து வைத்திருக்கிறாள்.

மலர் அந்தத் தொழில் செய்கிறவள்தான். அதை மறைத்து அவளை அப்பாவி ஆக்க நான் வரவில்லை. ஆனால் அன்று இரவு அவள் கந்தளாய் பஸ்ஸுக்காக நின்றாள். கையில் இருந்தது பிள்ளையின் சளிமருந்தும் ஒரு இறாத்தல் பாணும். தொழில் செய்வதற்கும் வீதியில் நின்று ஆள் அழைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. நான் அதை அன்று முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு சட்டத்தரணிதான் பொறுமையாகச் சொல்லித் தந்தார்.

இலங்கையில் வயது வந்த ஒருவர் பணத்துக்கு உறவு கொள்வது மட்டும் தனியே ஒரு குற்றமாக எந்தச் சட்டத்திலும் இல்லை. விடுதி நடத்துவதும் அதற்கு இடம் கொடுப்பதும் குற்றம், அதற்கு 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆள் பிடித்துக் கொடுப்பது குற்றம். பொது இடத்தில் நின்று ஆள் அழைப்பது குற்றம். இந்தக் கடைசியைத்தான் மலர் மாதிரி ஆக்கள் மேல் போடுவார்கள். அதற்கான சட்டம் 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். எங்கள் பக்கத்தில் 'வேக்ரன்ஸ் கேஸ்' என்றால் கோர்ட்டு வாசலில் தேத்தண்ணி விற்கிறவருக்கும் தெரியும். இந்த நாட்டில் அடிமைமுறையைச் சட்டம் போட்டு முற்றாக ஒழித்ததே 1844இல். அதற்கும் மூன்று வருடம் மூத்த சட்டம் இது. உழைக்க உடம்பில் தெம்பு இருந்தும் உழைக்காமல் திரிகிறவனையும் இதில் பிடிக்கலாம். பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரைப் பக்கம் போனால் ஒரு லொறி நிறைய ஏற்றலாம். ஆனால் நான் அறிய யாரையும் ஏற்றியதில்லை.

3ஆம் பிரிவில் எழுதியிருக்கிற தண்டம் 10 ரூபாய் அல்லது 14 நாள் மறியல். 7ஆம் பிரிவில் 100 ரூபாய் அல்லது 6 மாதம் வரை மறியல், அல்லது இரண்டும். 10 ரூபாய்க்கு என் கடையில் ஒரு பக்கம் போட்டோக்கொப்பிகூட எடுக்க ஏலாது. சனத்தை உருக்குலைப்பது அந்தத் தொகை இல்லை. கோர்ட்டில் பேர் கூப்பிடுவார்கள். கோர்ட்டு உத்தியோகத்தரான முதலியார் உரத்த குரலில் கூப்பிடுவார், அவருடைய வேலை அது. காணி வழக்குக்கு வந்த சித்தப்பாவும் வாகன வழக்குக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரனும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதனால்தான் முக்கால்வாசிப் பேரும் முதல் நாளே குற்றத்தை ஏற்றுவிடுவார்கள். "ஏத்துக்கொண்டா பத்து நிமிசம், இல்லாட்டி ஆறு மாசம்" என்று பக்கத்தில் நிற்கிறவர்களே சொல்லுவார்கள். மலரும் அப்படித்தான் நின்றாள். தாளை வாசித்துச் சொன்ன பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "நான் கூப்பிடேல்லை அக்கா. கூப்பிட்ட நாளில பிடிச்சிருந்தா ஓம் எண்டிருப்பன்." அடுத்த தவணையில் தான் சுற்றவாளி, குற்றம் செய்யவில்லை என்று சொன்னாள். நாலு தவணை இழுத்தது. இரண்டு தவணைக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் வரவில்லை. கடைசியில் விடுவித்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டு எல்லாரும் வழக்குப் பேசுங்கள் என்று சொல்லமாட்டேன். நாலு தவணைக்கும் மலருக்கு நாலு நாள் உழைப்புப் போனது, பஸ் காசு போனது, பிள்ளையைப் பார்க்க ஆள் வைத்த காசும் போனது. எல்லாருக்கும் அந்தத் தெம்பு இருக்காது. ஆனால் 'ஏற்றுக்கொண்டால் முடிந்துவிடும்' என்பது பொய். முடியாது. அடுத்த முறை அதே உத்தியோகத்தர் கண்டால், 'உனக்கு முதலும் இருக்குத்தானே' என்றுதான் தொடங்குவார். மலரோடு சேர்ந்தவள் ஒருத்தி இப்படி மூன்று தரம் ஏற்றவள். குவைத்துக்குப் போக வழி கிடைத்தபோது பொலிஸ் அறிக்கை கேட்டார்கள். அதில் என்ன வருமோ என்ற பயத்தில் விண்ணப்பமே போடாமல் விட்டாள். வந்திருக்குமோ வராதோ, அவள் கேட்டுப் பார்க்கவே இல்லை.

மலருக்குப் பிறகு ஒன்றிரண்டு பேராக வரத் தொடங்கினார்கள். கடை பூட்டுகிற நேரம், ஐந்தரைக்குப் பிறகு. தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை ஒருத்தி, திருநங்கை ஒருத்தி. 2022இல் பெற்றோல் வரிசை ஓடிய காலத்தில் புதுமுகங்களும் வந்தன. அதற்கு முதல் ஹோட்டலில் அறை துப்புரவாக்கியவள், மீன் வாடியில் வேலை செய்தவள். நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வராத சீசன் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்று அந்த ஐந்தரை மணிகளில்தான் தெரிந்தது.

இவர்களோடு இருந்து நான் பொறுக்கின விசயங்களில் மிகப் பெரியது, வாசிக்கத் தெரியாத பாசையில் எழுதினதில் கையெழுத்து வைக்கக்கூடாது என்பது. கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி. 'தமிழில எழுதுங்கோ, இல்லாட்டித் தமிழில வாசிச்சுக் காட்டுங்கோ' என்று கேட்க உரிமை இருக்கிறது. கேட்டால் அறை விழும் என்பார்கள், சில இடத்தில் விழவும் விழும். அப்படியும் வைக்கத்தான் வேண்டும் என்று நெருக்கினால், கையெழுத்துக்குப் பக்கத்தில் 'எனக்கு வாசித்துக் காட்டவில்லை' என்று தமிழில் எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தி எழுதினாள். அந்த மூன்று சொல்லை வைத்தே அவளுடைய சட்டத்தரணி அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார்.

பிடித்தால் என்ன காரணத்துக்கு என்று சொல்ல வேண்டும். பெண்ணைச் சோதனை போடுவதென்றால் பெண்தான் போடவேண்டும். சாதாரண வழக்கில் பயண நேரம் தவிர 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க ஏலாது, அதற்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். அதனால் பிடிபட்ட நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போனைப் பறித்தாலும் பஸ்தரிப்பில் எந்த பஸ் நின்றது என்று நினைவிருந்தால் நேரத்தைப் பிறகு பிடித்துவிடலாம். மலர் அப்படித்தான் சொன்னாள், கந்தளாய்க் கடைசி பஸ் எஞ்சின் போட்டுவிட்டது என்று.

கொண்டம் (ஆணுறை) கைப்பையில் இருப்பது குற்றமில்லை. அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆனாலும் அதைச் சாட்சியாக மேசையில் கொட்டுவார்கள் என்ற பயத்தில் வெறுங்கையோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் அரசாங்கமே கிளினிக்கில் சும்மா கொடுக்கிறது, இன்னொரு பக்கம் அதை வைத்தே பிடிக்கிறது. வீட்டுக்குள்ளேயே மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு சட்டம் போட்ட மாதிரி. பெரியாஸ்பத்திரியில் பாலியல் நோய்களுக்கென்று இருக்கிற எஸ்.டி.டி. கிளினிக்குக்குப் பயப்படாமல் போகலாம். காசில்லை. அங்கே தருகிற அட்டையில் இலக்கம்தான் இருக்கும், இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மலர் முதல்தரம் போய் வந்து சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அக்கா, நான் அங்க வெறும் நம்பர். என்ன சுகமாயிருந்தது தெரியுமா!"

இதையெல்லாம் எழுதுகிற நான் செய்த பிழையையும் எழுதவேண்டும்.

ஒரு தங்கச்சி வந்தாள். வயது இருபத்தி நாலு. ஒரு உத்தியோகத்தர் வாரத்துக்கு ஒருமுறை அவளிடம் காசு வாங்குகிறார், காசில்லாத வாரம் வேறு விதமாக வாங்குகிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. உடனே உட்கார்ந்து மேலதிகாரிகளுக்கு முறைப்பாடு அடித்தேன். முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம், சம்பவம், திகதி, எல்லாம் வரிசையாக, ஒரு எழுத்துப் பிழையில்லாமல். காணி மனு மாதிரியே அடித்தேன். 'பிரதி' என்று போட்டுக் கீழே நாலு அலுவலகத்தின் பெயரையும் சேர்த்தேன். பிரதி கூடினால் பலம் கூடும் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை.

மூன்று கிழமைக்குள் அந்தக் கடிதத்தின் விசயம் அவளுடைய ஒழுங்கைக்கு வந்துவிட்டது. நாலில் எந்தப் பிரதி கசிந்தது என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்காரர் அறையைக் காலி பண்ணச் சொன்னார். அம்மாவை ரேசன் கடையில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை, வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒரு நாள் வந்து கொடுக்கவேண்டிய மிச்சக் காசு 150 ரூபாயைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஊரை விட்டுப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு நான் பேர் அடிப்பதற்கு முதல் மூன்று தரம் கேட்பேன். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் பாதிக்கப்பட்டவரின் சார்பில் வேறொருவரும் முறைப்பாடு கொடுக்கலாம் என்று அதன் 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் இலக்கம் 21. ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கமும் 1996தான், திருகோணமலையில் பிராந்திய அலுவலகமும் உண்டு. இது முதலே எனக்குத் தெரிந்திருந்தால் அந்தத் தங்கச்சி இன்னும் அதே அறையில் இருந்திருப்பாள். இன்னொன்று: அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கிற காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். இரண்டு மாதம் அழுதுவிட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டம். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இங்கேயே இருக்கிறது. வன்முறை என்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பிறகு ஒரு கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். படித்த ஆக்கள், நல்ல மனசுள்ள ஆக்கள். 'இதைச் சட்டபூர்வமாக்கி, பதிவு செய்து, அட்டை கொடுத்து, மாதாமாதம் பரிசோதித்தால் பொலிஸ் தொல்லை இருக்காது' என்று பேசினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நான் மலரையும் இன்னும் ஐந்து பேரையும் கடைக்குக் கூப்பிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மற்ற நாடுகளில் என்ன நடந்தது என்று வாசித்ததைச் சொன்னேன்.

ஜேர்மனியில் 2002இலேயே இது சட்டப்படி தொழில். 2017 யூலை 1 முதல் ஒவ்வொருவரும் பதிய வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை சுகாதார ஆலோசனைக்குப் போகவேண்டும், 21 வயதுக்குக் கீழே என்றால் இரண்டிலும் பாதிக் காலம். புனைபெயரில் ஒரு அட்டையும் எடுக்கலாம். ஆனால் உண்மைப் பெயர் அலுவலகத்தில் இருக்கும். 'பாதுகாப்புச் சட்டம்' என்று அதற்குப் பெயர். பாதுகாக்கப்பட வேண்டியவர்களே அதை எதிர்த்து வீதிக்கு இறங்கினார்கள். 2023 முடிவில் பதிவில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட 30,600 பேர். தொழிலில் இருப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு என்றுதான் கணிக்கிறார்கள்.

"மிச்ச ஆக்கள்?" என்று கந்தளாய்ப் பிள்ளை கேட்டாள்.

பதியாதவர்கள். அதாவது, தொழில் சட்டபூர்வம், அவர்கள் மட்டும் சட்டவிரோதம்.

"அப்ப எங்களைப் போலத்தான்," என்றாள்.

வெள்ளைக்காரனுக்கு இது பழைய பழக்கம். 1864இல் தொடங்கி பிரித்தானியாவின் துறைமுகங்களிலும் படைமுகாம் ஊர்களிலும் சந்தேகப்பட்ட பெண்ணைப் பொலிஸ் பிடித்துக் கட்டாயமாகச் சோதிக்கச் சட்டம் வைத்திருந்தார்கள். மாலுமிக்கு நோய் வரக்கூடாது, அவ்வளவுதான் அக்கறை. மாலுமியைச் சோதிக்கவில்லை. பெண்கள் போராடிப் போராடி 1886இல் அது நீங்கியது. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த எங்களுக்கு அந்தக் கணக்கு விளங்காமல் இருக்குமா?

நியூசிலாந்துக் கதைதான் அவர்களுக்குப் பிடித்தது. 2003 யூன் 25இல் 60க்கு 59 வாக்கு, ஒரே ஒரு வாக்கில் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தனியாள் எங்கேயும் பேர் பதியத் தேவையில்லை. விடுதி நடத்துகிறவர்தான் சான்றிதழ் எடுக்கவேண்டும். நாலு பேர் வரை யாரும் யாருக்கும் முதலாளி இல்லாமல் ஒரு வீட்டில் சேர்ந்து செய்தால் அதுவும் வேண்டாம். தற்காலிக விசாவில் வந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு மட்டும் அங்கேயும் அனுமதியில்லை.

நாங்கள் கதைத்தது இரண்டு மணித்தியாலம். முடிவில் மலர் கேட்ட ஒரே கேள்விக்கு அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை, நான் அங்கே போய்க் கேட்டும்: "அட்டை குடுக்கட்டும். அந்தப் புத்தகம் ஆற்ற அலுமாரியில இருக்கும்? அவர் மாறிப் போனா அடுத்தவர் ஆர்?" தரவுப் பாதுகாப்பு என்று ஒரு ஐயா தொடங்கினார். நான் என்னுடைய நாலு பிரதியை நினைத்துக்கொண்டேன்.

எதிர்ப்புப் போராட்டம் ஒன்றும் செய்யப் பார்த்தோம். 1975 யூன் 2இல் பிரான்சில் லியோன் நகரத்தில் இந்தத் தொழில் செய்கிற பெண்கள் நூறு பேர் வரையில் ஒரு தேவாலயத்துக்குள் போய் இருந்தார்கள், பொலிஸ் தண்டத்துக்கு மேல் தண்டம் போடுவதை எதிர்த்து. எட்டு நாளில் வெளியேற்றினார்கள், ஆனால் அந்த நாள்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க அவர்களுடைய நாள். இதைச் சொன்னதும், "கோணேசர் கோயிலுக்குள்ள போய் இருப்பமா?" என்று ஒருத்தி கேட்க, சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. 2001இல் இத்தாலியின் வெனிசில் இதே தொழில் செய்கிறவர்கள் சிவப்புக் குடை பிடித்து ஊர்வலமாக நடந்ததையும் சொன்னேன். கடைத்தெருவில் சிவப்புக் குடை தேடினேன், மூன்றுதான் கிடைத்தது, அதிலும் ஒன்றில் பூ. ஆனால் குடை இல்லை பிரச்சினை. ஒவ்வொருத்தன் கையிலும் கமெரா. குடைக்குக் கீழே முகம் தெரியாது, செருப்புத் தெரியும், நடை தெரியும். "என்ர மகன் என்ர செருப்பைக் கண்டா அடையாளம் பிடிப்பான்," என்றாள் ஒருத்தி. அதோடு அது முடிந்தது. வெளியில் இருந்து பார்த்துக் கோழைகள் என்று சொல்லாதீர்கள். கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கில் திரளலாம், அங்கே ஒரு முழுத் தெருவே அவர்களுடையது. எங்கள் ஊரில் எல்லாரும் யாரோ ஒருவருக்குச் சொந்தம்.

வீதியில் நிற்பதற்குப் பதிலாகக் கடிதம் என்று முடிவானது. ஒரு பக்கம்தான். அட்டை வேண்டாம், 1841ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுங்கள், அதுவரைக்கும் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதுங்கள், கொண்டத்தைச் சாட்சியாக்காதீர்கள். கொண்டுபோய்க் கொடுத்த அலுவலகத்தில், பேர் இல்லாத மனுவைப் பதிவேட்டில் ஏற்ற ஏலாது என்றார்கள். திரும்பி வந்து என் பேரைப் போட்டேன், என் கடை விலாசத்தைப் போட்டேன், பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையைக் கோப்பில் ஒட்டி வைத்தேன். கடைக்கு வருகிற ஒன்றிரண்டு பேர் அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

இரண்டரை மாதத்தில் பதில் வந்தது. தமிழில் எழுதின கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில். உங்கள் கடிதம் கிடைத்தது, கவனம் செலுத்தப்படும், மேலதிக நடவடிக்கைக்காகப் பாதிக்கப்பட்டோரின் பெயர்ப்பட்டியலை அனுப்பி வைக்கவும்.

ஐந்தரைக்கு அதை மலருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"எங்களிட்ட வந்துபோற ஆக்களின்ர பட்டியல் வேணுமா எண்டு கேட்டு எழுதுங்கோ அக்கா. அது நீட்டுக்குக் கிடக்கு."

நான் எழுதவில்லை. பதில் லாச்சிக்குள் கிடக்கிறது. மலருக்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மூன்று பிரதி வேண்டியிருந்தது, முதலாம் வகுப்புக்கு. எடுத்துக் கொடுத்தேன். ஒன்று கறுத்துப் போச்சு, அதை அவளே வாங்கி நாலாகக் கிழித்தாள். வாசலில் மான் நின்றது. ஆனாலும் அவள் அந்தத் துண்டுகளைப் பெட்டியில் போடாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.